மகாதேவி ரீச்சரின் கிளச்

முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைத்தான் பார்ப்பார் மகாதேவி ரீச்சர். கார் பழக வந்தவள் கேற்றடியில் நின்று வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கண் அவளுடைய செருப்புக்குப் போய்விடும்.

"உந்தக் குதிச் செருப்போடை ஏறாதை பிள்ளை. கழட்டி வாழையடியிலை வை. வெறுங்காலாலை மிதிச்சாத்தான் கிளச் என்ன சொல்லுதெண்டு விளங்கும்."

நெல்லியடிச் சந்தைக்குப் பின்பக்கம் வீடு. முற்றத்தில் ஒரேயொரு வெள்ளைக் கார். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை. பெண்களுக்கு மட்டும் சாரதிப் பயிற்சி. ஐம்பதைத் தாண்டிய மகாதேவி இளம் வயதில் சில காலம் முன்பள்ளியில் படிப்பித்தவர். அந்த வேலை போய், 'ரீச்சர்' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்தப் பள்ளியின் பழக்கங்களும் தங்கிவிட்டன. காருக்குள் ஏறியதும் மாணவி மூன்று பெடல்களையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். வங்கி முகாமையாளர் ஒருவரும் அப்படிச் சொல்லித்தான் பழகினார்.

கோயில் திருவிழாவில் பழைய மாணவி யாராவது எதிர்ப்பட்டால் ரீச்சருக்குப் பெயர் வராது. குனிந்து காலைப் பார்ப்பார். "நீ கியர் மாத்தேக்கை பெருவிரலை மடக்கிற பிள்ளையெல்லே?" என்பார். பட்டுச்சேலையும் மல்லிகைச் சரமுமாகக் கணவனோடு நிற்கும் அந்தப் பெண் சட்டென்று பெருவிரலை மடக்கிக்கொள்வாள்.

ஆளுக்கேற்ற மாதிரிப் படிப்பிப்பார். தையற்காரிக்கு, "மிசின் மிதிக்கிற மாதிரி மிதி, ஆனால் நூல் அறாமல் விடு." சமையலில் கெட்டிக்காரிக்கு, "பால் பொங்கி வருது, அடுப்பைக் குறைக்கிறாய், அவ்வளவுதான்." மருத்துவிச்சி பிரதீபாவுக்கு ஒரு நாள், "பிள்ளை பிறக்கேக்கை இழுப்பியோ? அது தன்ரை பாட்டுக்கு வருமெல்லே? அப்பிடித்தான் கிளச்சும்" என்றார். "சிலது ஆயுதம் போட்டுத்தான் வரும் ரீச்சர்" என்றாள் பிரதீபா. ரீச்சர் அந்த உவமையை அதன்பிறகு எடுக்கவில்லை.

பயிற்சிக் கார் என்பதால் இடப்பக்கத்தில், ரீச்சரின் காலடியிலும் ஒரு கிளச்சும் ஒரு பிறேக்கும் உண்டு. ஒரு இரும்புச் சட்டம் டாஷ்போர்டுக்குக் கீழால் ஓடி அவற்றை மாணவியின் பெடல்களோடு இணைக்கிறது. ரீச்சர் மிதித்தால் மாணவியின் பெடலும் தாழும். மாணவி மிதித்தால் ரீச்சரின் பெடல் அசையாது. "அது ஆபத்துக்கு வைச்சிருக்கிறது. நான் தொடுறதேயில்லை" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். அதோடு ஒரு பெருமையையும் சேர்த்துச் சொல்வார்: "என்னட்டைப் பழகின பிள்ளையள் ஒருத்தியும் ரோட்டிலை எஞ்சினை நிக்க விட்டதில்லை. ஆரையும் கேட்டுப்பார்."

அது உண்மைதான். நெல்லியடிச் சந்தியில், பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் மீன்பெட்டிச் சைக்கிளுக்கும் நடுவில், ரீச்சரின் பிள்ளைகள் வெண்ணெயில் கத்தி போவது போலப் போவார்கள். ஆனால் 'றயல்' என்று எல்லாரும் சொல்கிற அந்த ஓட்டப் பரீட்சையன்று, ரீச்சரின் இருக்கையில் பரிசோதகர் ஏறி இருந்ததும், அதே பிள்ளைகளின் கையில் அதே கார் இரண்டு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். உடுவிலிலிருந்து வந்து பழகிய தாரிகா அப்படித்தான் நடுமைதானத்தில் ஸ்ரியறிங்கில் தலைவைத்து அழுதாள். ரீச்சரிடம் அதற்கும் விளக்கம் இருந்தது. "அந்த மனிசன்ரை மீசை அப்பிடி. அதைக் கண்டா எஞ்சினே நிண்டிடும், பிள்ளையள் என்ன செய்யும்?"

போன ஆவணியில்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

கிளச்சை விடும்போது "கீ...ச்." புலுனிக் குஞ்சொன்று காருக்குள் அகப்பட்டதுபோல. முதல் நாள் ரீச்சர் காரை நிறுத்தச் சொல்லி, இறங்கிக் குனிந்து அடியில் அணில் இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டாம் நாள், மாணவியைப் பார்த்தார். ஏனென்றால் பாடம் முடிந்து தானே சாரதி இருக்கையில் ஏறிச் சந்தைக்குப் போய் வந்தபோது சத்தம் இல்லை. மறுநாள் பிரதீபா ஏறினாள், கீச். இறங்கினாள், இல்லை. ரீச்சருக்கு விடயம் வெளித்துவிட்டது.

"உன்ரை கால் இன்னும் கிளச்சோடை சேரேல்லைப் பிள்ளை. அதுதான் அது அழுகுது."

அதன்பிறகு அந்தச் சத்தமே ரீச்சரின் அளவுகோல் ஆயிற்று. குறைவாகக் கீச்சிட்டால் கெட்டிக்காரி. கூடக் கீச்சிட்டால் இன்னும் பழக வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொரு கீச்சுக்கும் "சொறி ரீச்சர்" என்று மன்னிப்புக் கேட்கப் பழகினார்கள். கீச், சொறி ரீச்சர், கீச், சொறி ரீச்சர் என்று பாடிக்கொண்டே அந்தக் கார் வடமராட்சி ஒழுங்கைகளில் ஊர்ந்து திரிந்தது.

பிரதீபா ஏறினால் கீச்சு ஓயாது. இரண்டு தடவை றயலில் தோற்றவள் அவள். மாரி மழையில் ஸ்கூட்டியோடு சறுக்கி விழுந்து, மருந்துப் பையோடு வாய்க்காலுக்குள் கிடந்ததிலிருந்து காரில்தான் போவதென்று பிடிவாதமாக இருந்தாள். வெளிநாட்டிலிருக்கும் தமையன் விட்டுப்போன கார் வீட்டில் படங்கால் மூடி நிற்கிறது. "இந்த முறையும் கிடைக்காட்டி வித்துப்போடுவன். துருப்பிடிக்க விடேலாது" என்று தமையன் போனில் சொல்லிவிட்டான். மூன்றாம் றயலுக்கு நாள் குறித்தாயிற்று. இந்த நிலையில் கிளச்சும் தன்னைப் பார்த்து அழுகிறதென்றால், மற்றவர்களின் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவருகிறவளுக்கே மூச்சு முட்டியது.

ரீச்சரின் கணவர் பஞ்சலிங்கம் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. எந்த வாகனத்தின் வியாதியையும் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே சொல்லக்கூடியவர்.

"அது ஃபான் பெல்ற். சவுக்காரத்தைப் பூசு."

"கிளச் விடேக்கைதானப்பா கத்துது."

"கிளச் விடேக்கை பெல்ற்றுக்கு நோகுது. பூசு."

சவுக்காரம் பூசினார்கள். கார் இரண்டு நாள் குளித்த மணத்தோடு கீச்சிட்டது. மூன்றாம் நாள் ரீச்சர் காரைச் சிமியோனின் கராச்சுக்குக் கொண்டுபோனார்.

சிமியோன் குருநகர் ஆள். படகு எஞ்சின்களோடு வளர்ந்து, நெல்லியடியில் பெண்ணெடுத்து, கரையேறிக் காருக்கு மாறியவர். ஆனாலும் எந்தக் காரையும் வள்ளமாகவே நினைத்துக் கதைப்பார். நெல்லியடியில் தனக்குத் தெரியாத சத்தம் இல்லை என்பதை, வருகிற எவருக்கும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவார்.

"அக்கா, கிளச் கத்துறதிலை ரெண்டு சாதிதான். எஞ்சின் நிக்கேக்கையும் கத்தினா, மேலை பெடல்லை கிறீஸ் இல்லை. எஞ்சின் ஓடேக்கை மட்டும் கத்தினா, உள்ளுக்கை பெயாரிங் செத்துப்போச்சு. மூண்டாவது சாதி கடவுள் படைக்கேல்லை."

சாரதி இருக்கையில் ஏறி, எஞ்சினை நிறுத்தி வைத்து மிதித்தார். சத்தமில்லை. எஞ்சினைப் போட்டு மிதித்தார். சத்தமில்லை. சந்திவரை ஓடிப் போய்த் திரும்பி வந்தார். ஒரு மூச்சும் இல்லை. கண்ணை மூடிச் சிறிது யோசித்தார்.

"கியர் பொக்ஸை இறக்குவம்."

"என்னத்துக்கு? இப்பத்தானே சத்தமில்லை எண்டனீர்!"

"உள்ளுக்கை ஒளிச்சிருக்கக்கா. வள்ளத்திலை ஓட்டை இருந்தா, கரையிலை நிக்கேக்கை தெரியுமோ?"

"நான் ஓடினா வாறேல்லை, நீர் ஓடினா வாறேல்லை. பிள்ளையள் ஓடினாத்தான் வருது."

"அப்ப பிள்ளையளை மாத்துங்கோ."

அந்த நேரம் பார்த்துப் பிரதீபா வந்தாள். பாடத்துக்கு வீட்டுக்குப் போனவளைப் பஞ்சலிங்கம் கதிரையிலிருந்தபடியே கராச்சுக்கு அனுப்பியிருந்தார். ரீச்சருக்கு அவளைக் கண்டதும் உற்சாகம் பிறந்தது. "இந்தா, உவள் வந்திட்டாள். இனிக் கேளும். உவளின்ரை காலுக்கு இது நல்லாக் கத்தும்."

பிரதீபா தலையைக் குனிந்துகொண்டே சாரதி இருக்கையில் ஏறினாள். ரீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல இடப்பக்கம் இருந்தார். சிமியோன் கையில் ரோச் லைற்றோடு பின்சீற்றில் ஏறி, முழந்தாளிட்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவால் தலையை உள்ளே நுழைத்து, பிரதீபாவின் பாதத்தில் வெளிச்சத்தைப் பிடித்தார். கராச்சு முற்றத்தில் முன்னுக்குப் பத்தடி, பின்னுக்குப் பத்தடி.

"மெதுவா விடு... மெதுவா... அந்தரப்படாதை..." என்றார் ரீச்சர், கண்ணாடிக்கு வெளியே நேரே பார்த்தபடி.

கீ...ச்.

"சொறி ரீச்சர்."

"பாத்தீரோ சிமியோன்? நான் சொன்னனெல்லே? இன்னொருக்கா விடு பிள்ளை. மெதுவா..."

கீ...ச். கார் அழகாக நகர்ந்தது. கீச், அழகாக நின்றது. சிமியோன் நெற்றியைச் சுருக்கினார். ஐந்தாறு தடவை போய் வந்ததில் பிரதீபாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சொல்லவும் பயம். ஆகவே கிளச்சிலிருந்த காலை மெல்ல எடுத்து, இருக்கையோடு ஒட்டி வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

"மெதுவா விடு... மெதுவா..." என்றார் ரீச்சர்.

கீ...ச்.

ரோச் வெளிச்சத்தில், ஒரு காலும் படாமல், கிளச் பெடல் தன்பாட்டில் மெல்ல மேலே வந்தது. கார் நகர்ந்தது. பிறகு பெடல் தன்பாட்டில் தாழ்ந்தது. கார் நின்றது.

"மாதாவே!" என்று சிமியோன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ரீச்சர்..." என்றாள் பிரதீபா. "நான் காலை எடுத்திட்டன்."

"எடுக்காதை. மெதுவா விடு, மெதுவா..."

"எடுத்து எவ்வளவு நேரம் ரீச்சர்."

ரோச் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. பெடலிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு, சட்டத்தின் வழியே இடப்பக்கம், அங்கே துருவேறிய ஒரு மூட்டுக்கு, அதற்குக் கீழே இன்னொரு கிளச்சுக்கு. அதன்மேல் வெள்ளி மெட்டி போட்ட ஓர் இடது பாதம், பால் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைப்பதுபோல, மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

மகாதேவி ரீச்சரும் குனிந்து பார்த்தார். எவ்வளவோ பேரின் கால்களைப் பார்த்தவர், அந்தக் காலை யாரோ ஒருவருடையது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சடாரென்று எடுத்தார். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது.

தனக்குத் தெரியாத சத்தம் இல்லையென்ற சிமியோன் ரோச்சை அணைத்தார். ரீச்சரே முதலில் வாயைத் திறந்தார்.

"அது... தொடக்கத்திலை ஒருத்தி கரவெட்டியிலை வெங்காயத் தோட்டத்துக்குள்ளை விட்டிட்டாள். அண்டைக்கு வைச்ச கால்."

"அண்டையிலையிருந்து எடுக்கவேயில்லையோ அக்கா?"

"நான் வைச்சது எனக்குத் தெரியாதப்பா!"

அது பொய்யில்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. வெண்ணெயில் கத்தி போவது போலச் சந்தியைக் கடந்த அத்தனை பிள்ளைகளும், பரிசோதகருக்குப் பக்கத்தில் தனியே விடப்பட்டதும் துள்ளி நின்ற அத்தனை பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு நினைவில் வந்தார்கள். தாரிகா வந்தாள். பரிசோதகரின் மீசையும் வந்தது. அந்த மனிதன் பாவம், மீசை வைத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பிரதீபா கெண்டைக்காலைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள். "அப்ப, நான் இவ்வளவு நாளும் கார் ஓடவேயில்லையோ ரீச்சர்?"

"ஸ்ரியறிங் நீதானே பிடிச்சனி" என்றார் ரீச்சர், குரல் மிகவும் இறங்கி.

சிமியோனுக்கு மெல்ல வீரம் திரும்பியது. "நான் சொன்னனே, பெடல்லை கிறீஸ் இல்லையெண்டு. பெடல் எந்தப் பக்கமெண்டுதான் சொல்லேல்லை." கிறீஸ் தகரத்தை எடுத்து விரலை விட்டார். "ஒரு சொட்டுக் காணும். நாளைக்கு நீங்கள் ஒரு மைல் மிதிச்சாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

ரீச்சர் அந்தக் கிறீஸையும் பார்த்தார், பிரதீபாவையும் பார்த்தார்.

"வேண்டாம் சிமியோன். கத்தட்டும்."

அடுத்து வந்த நாட்களில் நெல்லியடி காணாத காட்சியெல்லாம் கண்டது. ரீச்சரின் கார் பேக்கரிக்கு முன்னால் நின்றது, வங்கிக்கு முன்னால் நின்றது. கந்தசாமி கோயில் ஐயர் அருச்சனைத் தட்டோடு வீதியைக் கடக்கும்போது அவருக்கு முன்னால் துள்ளித் துள்ளி நின்றது. "உங்கடை மனிசி இப்ப படிப்பிக்கிறேல்லையோ?" என்று தேநீர்க் கடையில் பஞ்சலிங்கத்தைக் கேட்டார்கள். "இப்பத்தான் தொடங்கியிருக்கிறா" என்று அவர் ஒருவிதமாகச் சமாளித்தார்.

ரீச்சருக்குத்தான் பெரும்பாடு. காலை எடுத்து வைத்தால் அது தானாகப் போய்ப் பெடலில் ஏறும். எதிரே ஓட்டோ வந்தால் ஏறும். ஆடு குறுக்கிட்டால் ஏறும். ஒன்றும் வராவிட்டாலும், ஏதாவது வந்துவிடுமோ என்று ஏறும். உடனே கீச். முன்பு மன்னிப்புக் கேட்டது மாணவி. இப்போது முறை மாறியது.

"ரீச்சர், கத்துது."

"சொறி பிள்ளை."

"காலை எடுங்கோ ரீச்சர். நான் பாக்கிறன்."

"எடுத்திட்டன், எடுத்திட்டன். நீ ரோட்டைப் பார்."

எஞ்சின் எத்தனை தடவை நின்றதென்று இருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பின்னேரம், கல்லூரிப் பக்கத்து ஒழுங்கையில், பிரதீபா கிளச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். காரின் உடம்பு இலேசாக நடுங்கியது. "இதுதானே ரீச்சர் கிளச் பிடிக்கிற அந்த இடம்?" என்று கேட்டாள். அவ்வளவு நாளும் அந்த நடுக்கம் ரீச்சரின் பாதத்துக்கு மட்டும் தெரிந்த ஒன்று. "ஓம் பிள்ளை, அதுதான்" என்றார் ரீச்சர். தன் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் குறுக்கே போட்டுக்கொண்டார்.

றயலன்று ரீச்சர் யாழ்ப்பாணத்தில் ஒரு வாகை மரத்தின் கீழ் நின்றார். மீசைக்காரப் பரிசோதகர் காரில் ஏறினார். கார் துள்ளி நின்றது. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது இடம் வெறுமையாக இருந்தது. கார் தூரத்தில் வளைவு திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் பரிசோதகர் இறங்கி, "ஓடுறா. நல்லா ஓடுறா. ஆனால் ஒருக்கா நிண்டது" என்றார். "அது அவவே நிப்பாட்டி அவவே எடுத்தது ஐயா" என்றார் ரீச்சர். ஏதோ பெரிய பரிசைப் பற்றிச் சொல்வது போல இருந்தது அது. பரிசோதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பிரதீபாதான் ஓட்டினாள். வல்லைவெளிக் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. தமையனுக்கு என்ன சொல்வது, படங்கை எப்போது கழற்றுவது என்று அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். கதை மும்முரத்தில் நெல்லியடிச் சந்தி வந்ததைக் கவனிக்கவில்லை. சரியாகச் சந்தியின் நடுவில் கார் துள்ளி நின்றது.

பின்னால் பருத்தித்துறை பஸ். அதன் ஹோன் சந்தி முழுக்க அதிர்ந்தது. வலப்பக்கம் ஓர் ஓட்டோ, இடப்பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லான்ட் மாஸ்ரர் வண்டி. கொண்டக்டர் படியில் தொங்கியபடி, "எடுங்கோ அக்கா, எடுங்கோ!" என்று கத்தினான். பிரதீபா ரீச்சரின் பக்கம் திரும்பவில்லை. கிளச்சை மிதித்துத் திறப்பைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. முதல் கியரைப் போட்டாள்.

மகாதேவி ரீச்சர் இடதுகாலைத் தூக்கி இருக்கையின்மேல் வைத்தார். பிறகு வலதுகாலையும் தூக்கினார். சேலையை முழங்காலுக்கு மேலால் இழுத்துவிட்டு, நடுச்சந்தியில் வடிவாகச் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, மூலைக்கடையில் தொங்கிய கதலிக் குலைகளைப் பார்க்கத் தொடங்கினார்.